நிவாரணப் பணிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: மனதைக் காத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சுனாமி அடித்த இரண்டாம் நாள், 2004 டிசம்பர் 28 அன்று, நாகப்பட்டினத்தில் போய் இறங்கியபோது எனக்கு 23 வயது. தஞ்சாவூரிலிருந்து ஒரு வேன் நிறைய அரிசி, பாய், போர்வை ஏற்றிக்கொண்டு ஏழு பேர் போயிருந்தோம். இறங்கியதும் கையுறை கொடுத்தார்கள், முகமூடி கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். உடம்புக்கு என்னென்ன வரும் என்று ஒருவர் பத்து நிமிடம் பேசினார். மனதுக்கு என்ன வரும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதற்காக அல்ல, யாருக்கும் தோன்றவில்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எனக்கு நோட்டில் எழுதும் வேலை விழுந்தது. அடையாளம் தெரியாத உடல்களைப் புதைப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு வரி எழுதிவைக்க வேண்டும். ஆணா பெண்ணா, வயது சுமார், உடுப்பு என்ன நிறம், தழும்பு, பச்சை குத்தியது, நகை. நான்கு நாள் எழுதினேன். அழவில்லை. நன்றாகத் தாங்குகிறாய் என்று எல்லோரும் பாராட்டினார்கள். பத்து மாதம் கழித்து, தீபாவளிக்கு அக்கா மகனுக்குத் துணி எடுக்கப் போன கடையில், விற்பனையாளர் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட சட்டையை உதறிக் கண்ணாடி மேசையில் விரித்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று நினைத்து அக்கா சோடா வாங்கிக் கொடுத்தாள். அந்தச் சட்டை என் நோட்டில் மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி என்று அவளிடம் சொல்ல எனக்கு மேலும் இரண்டு வருடம் ஆனது.

அதற்குப் பிறகு தானே புயல், சென்னை வெள்ளம், ஒக்கிப் புயல், கஜா புயல் என்று பல களங்களுக்குப் போய்விட்டேன். போகும் இடமெல்லாம் புதிதாக வரும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்த வேலையில் யார் தாங்குகிறார்கள், யார் உடைகிறார்கள் என்பது நெஞ்சழுத்தத்தைப் பொறுத்தது என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். இப்போது நம்புவதில்லை. தூக்கம், பக்கத்தில் இருக்கும் ஆள், வேலை நேரம், திரும்பிய பின் விசாரிக்க ஒருவர் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யக்கூடிய விஷயங்களில்தான் பெரும்பங்கு இருக்கிறது. ஏற்பாடு செய்யக்கூடியது என்பதால்தான் வழிகாட்டி எழுத முடிகிறது.

## முதல் படி: கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

முதலில் உங்களையே கேளுங்கள். சமீபத்தில் வீட்டில் சாவு விழுந்திருக்கிறதா? கல்யாணம் முறிந்தது, கர்ப்பம் கலைந்தது, கடுமையான நோயிலிருந்து எழுந்தது என்று ஏதாவது உண்டா? மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இதில் எதுவும் உங்களைத் தகுதியற்றவர் ஆக்கிவிடாது. ஆனால் இந்த முறை களத்துக்குப் போகாமல், ஊரிலேயே இருந்து பொருள் சேர்ப்பது, போன் எடுப்பது, கணக்கு எழுதுவது என்று ஒதுங்கிக்கொள்ளலாம். அந்த வேலைகளுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

பிறகு உங்களை அனுப்பும் அமைப்பைக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை? எங்கே தூங்குவேன்? பெண்களுக்குக் கழிப்பறை, பூட்டுப் போடக்கூடிய அறை உண்டா? எத்தனை நாளில் என்னை மாற்ற ஆள் வரும்? ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு உண்டா? ராத்திரி மனது சரியில்லை என்றால் நான் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பெயரும் எண்ணும் பதிலாக வந்தால் நல்ல அமைப்பு. ‘எல்லோரும்தான் இருக்கிறோமே’ என்று பதில் வந்தால், யாரும் இல்லை என்று பொருள். அப்படியானால் நீங்களே ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பொய் சொல்லிவிட்டுப் போனால், அங்கே பார்த்ததைத் திரும்பி வந்து சொல்லும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போகிறீர்கள்.

பையில் மருந்து, டார்ச், பவர் பேங்க் எல்லாம் வைப்பீர்கள். அதோடு உங்கள் அன்றாடத்திலிருந்து ஒரு பொருளையும் வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர் ஒவ்வொரு களத்துக்கும் வீட்டுக் காபித்தூள் எடுத்துப்போவார். விடிகாலையில் அந்த ஒரு டம்ளர் காபி குடிக்கும் பத்து நிமிடம், முகாமில் இருப்பதை மறந்து தன் வீட்டு அடுக்களையில் நிற்பதுபோல் இருக்கும் என்பார்.

## இரண்டாம் படி: என்ன வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேர் தெரியாத வலிதான் அதிகமாகப் பயமுறுத்தும். அதனால் நான்கு பெயர்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நேரடி அதிர்ச்சி. கண்ணெதிரே பார்த்தது, உயிர்ப்பயம். இதை எல்லோரும் எதிர்பார்த்துத்தான் போகிறோம்.

இரண்டாவது, சிறுகச் சிறுகச் சேரும் களைப்பு. வெயில், கொசு, தூக்கமின்மை, குளிக்கத் தண்ணீர் இல்லாதது, ஒத்துவராத மேற்பார்வையாளர், திடீர் திடீரென்று மாறும் உத்தரவுகள். உதவிப் பணியாளர்களிடம் பேசிப் பாருங்கள். சாவைப் பற்றிச் சொல்வதைவிட நிர்வாகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். அற்பமான புகார் என்று தள்ளிவிடாதீர்கள். மனதை அரிப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, பிறர் துன்பத்தைக் கேட்டுக் கேட்டு வருவது. அமெரிக்க உளவியலாளர் சார்ல்ஸ் ஃபிக்லி 1990களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இரக்கக் களைப்பு என்று தமிழில் சொல்லலாம். உங்களுக்கு ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் ஐம்பது பேர் சொன்னது உங்களுக்குள் குடியேறிவிடும். அவர்கள் கண்ட கனவு உங்களுக்கு வரும். கொஞ்ச நாளில் மனது தன்னைக் காத்துக்கொள்ள மரத்துப்போகும். ஐம்பத்தொன்றாவது ஆள் அழும்போது எரிச்சல் வரும். அந்த எரிச்சலைக் கண்டு, நான் கெட்டவனாகிவிட்டேனோ என்று பயப்படுவீர்கள். ஆகவில்லை. களைத்துவிட்டீர்கள்.

நான்காவதுதான் பலரும் வாய்திறந்து சொல்லாதது. வரிசையில் முந்நூறு குடும்பம் நிற்கும்; கையில் இருநூறு பொட்டலம்தான் இருக்கும். யாருக்கு இல்லை என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இருநூற்றோராவது ஆளாகக் கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்பாள். விதிப்படி நடந்திருப்பீர்கள், தப்பு எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் தப்பு செய்துவிட்டோம் என்ற உணர்வு போகாது. உளவியலில் இதை அறக் காயம் என்கிறார்கள். பயத்துக்கு உள்ள மருந்து இதற்கு ஒத்துவராது. அந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்கவில்லை, குழுவாக எடுத்தோம் என்ற நிலை இருந்தால் பாரம் குறையும். எனவே யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பதை வரிசை தொடங்குவதற்கு முன்பே நான்கு பேராக உட்கார்ந்து பேசி, எழுதிவைத்துவிடுங்கள்.

## மூன்றாம் படி: ஜோடி சேருங்கள்

களத்தில் முதல் நாள் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெருங்கிய நண்பராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வேலை செய்கிறவராக இருந்தால் போதும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதாக வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். ‘நான் வழக்கமாக இல்லாத மாதிரி ஏதாவது தெரிந்தால் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்’ என்று சொல்லிவையுங்கள்.

ஏன் இன்னொருவர் தேவை என்றால், களைப்பு முதலில் சாப்பிடுவது நம் நிதானத்தைத்தான். களைத்தவனுக்குத் தான் களைத்தது தெரியாது. கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கத்தில் என்னோடு ஜோடியாக இருந்தவர் ஒரு ஓட்டுநர், என்னைவிட பத்து வயது மூத்தவர். மூன்றாம் நாள் ராத்திரி பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நோட்டை மெதுவாக மூடி, “தம்பி, இதே பேரை நீங்க நாலாவது தடவையா படிக்கிறீங்க” என்றார். எனக்குத் தெரியவே தெரியாது. படுத்தேன், ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

## நான்காம் படி: நேரத்துக்கு வரம்பு போடுங்கள்

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதீர்கள். முதல் இரண்டு நாள் இது நடக்காது என்று எனக்கும் தெரியும். மூன்றாம் நாளாவது நடக்க வேண்டும். தண்ணீர் குடியுங்கள், சிறுநீர் கழிக்க இடமில்லை என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுவதை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். இடம் கேட்டு வாங்குங்கள். மக்களுக்கு வரும் சோற்றை நாம் சாப்பிடுவதா என்று கூசிக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். குழுவுக்கென்று தனியாகச் சமைக்க ஏற்பாடு செய்வது அமைப்பின் கடமை.

ஓய்வெடுக்கும்போது குற்றவுணர்வு வரும். அங்கே அவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும்போது நான் காலை நீட்டிப் படுப்பதா என்று உறுத்தும். அந்த உறுத்தல் நல்ல மனதின் அடையாளம்தான். ஆனால் அதன் பேச்சைக் கேட்காதீர்கள். தூங்காத ஆள் மருந்தின் அளவை மாற்றி எழுதுவான், பட்டியலில் ஒரு தெருவையே விட்டுவிடுவான், வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் மோதுவான். இவை மூன்றும் நான் கண்ணால் பார்த்தவை.

போனையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நேரில் பார்த்ததையே ராத்திரி படுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் பார்ப்பவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள்.

## ஐந்தாம் படி: கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து, களப்பணியாளர்களுக்காக உளவியல் முதலுதவி என்ற கையேட்டை வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. பாதுகாப்பையும் அவசரத் தேவைகளையும் பார். சொல்ல விரும்புகிறவரைக் கேள். அவருக்குத் தேவையானதோடும் அவருடைய மனிதர்களோடும் இணைத்துவிடு. அவ்வளவுதான் நம் வேலை. தோண்டித் தோண்டிக் கேட்பது நம் வேலை அல்ல. ‘என்ன நடந்தது, முழுசா சொல்லுங்க’ என்று கேட்பவர், சொல்பவரையும் தன்னையும் சேர்த்தே காயப்படுத்துகிறார்.

இந்த எல்லை உங்களுக்கும் பாதுகாப்பு. ஒரு தாயின் துக்கத்தைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனால் தோற்றுத்தான் திரும்புவீர்கள். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தங்கை எந்த முகாமில் இருக்கிறாள் என்று விசாரித்துச் சொன்னால், ஒரு காரியத்தை முழுதாக முடித்திருப்பீர்கள். செய்ய முடியாததற்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ‘நாளைக்கு வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்த ஒரு நாள், எனக்கு உடல்களைவிட அதிகமாக நினைவில் நிற்கிறது.

## ஆறாம் படி: இறந்தவர்களோடு வேலை செய்ய நேர்ந்தால்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த இடம் இதுதான்.

சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை, வேளாங்கண்ணி என்று எங்கும் பிணம். தொற்றுநோய் பரவிவிடும் என்ற பயத்தில் ஜேசிபி கொண்டு குழி வெட்டி அவசரமாகப் புதைத்தார்கள். அந்தப் பயம் பெரிதும் ஆதாரமற்றது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இயற்கைப் பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து தயாரித்து 2006இல் வெளிவந்த கையேடு தெளிவாகச் சொல்கிறது. அந்த மனிதர்கள் இறந்தது அலையால், நோயால் அல்ல. வெறும் கையால் உடலைத் தொடும் பணியாளருக்குக் கிருமித்தொற்று ஆபத்து உண்டு, அதற்குக் கையுறையும் கைகழுவுதலும் இருக்கின்றன. ஊருக்கே ஆபத்து என்பது வேறு பேச்சு.

இதை ஏன் மனநலக் கட்டுரையில் சொல்கிறேன்? அவசரப்பட்டுப் புதைத்த உடலைத் தேடி ஒரு வாரம் கழித்து அப்பா ஒருவர் வந்து நிற்பார். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கும் அந்தக் கணம்தான் பணியாளரின் மனதில் தழும்பாகும். எண் கொடுத்து, படம் எடுத்து, எந்த இடத்தில் புதைத்தோம் என்று குறித்துவைத்தால், அந்த அப்பாவுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. முறையாகச் செய்த வேலை பிற்காலத்தில் மனதைக் குடையாது. என் நோட்டில் இருந்த குறிப்புகளைக் கொண்டு இரண்டு குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தன என்று பின்னால் கேள்விப்பட்டேன். என் மனது கொஞ்சமாவது சரியானதற்கு அந்தச் செய்திதான் தொடக்கம்.

இனி நடைமுறை. தேவைக்கு மேல் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். சட்டைப்பையில் இருக்கும் கடிதம், போட்டோ, பள்ளி அடையாள அட்டை இவற்றைப் பதிவு செய்யும் வேலை ஒருவருக்கு, உடலைத் தூக்கும் வேலை வேறொருவருக்கு என்று பிரியுங்கள். உடலும் பொருளும் ஒரே ஆளிடம் வந்தால், அந்த ஆள் இறந்தவருக்கு ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்யத் தொடங்குவார். கற்பனை வந்துவிட்டால் துக்கம் சொந்த வீட்டுத் துக்கமாகிவிடும். நாற்றத்தை மறைக்க வாசனைத் தைலம், சென்ட் பூசிக்கொள்ளாதீர்கள். பிற்காலத்தில் அந்த வாசனையே உங்களை அந்த இடத்துக்கு இழுத்துப்போகும். அடிக்கடி ஆளை மாற்றுங்கள். குழந்தை உடல்களை, சிறு குழந்தைகள் உள்ள பெற்றோர் கையாள வேண்டாம். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் சாப்பாட்டில் உட்கார வேண்டும். துட்டி வீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே வரும் வழக்கம் நமக்கு இருக்கிறதே, அது இங்கே மனதுக்கு ஒரு கதவாக உதவும்.

அந்த நாட்களில் உடல்களை உண்மையில் தூக்கியவர்கள் பெரும்பாலும் யார்? தமிழ்நாட்டின் பல நகராட்சிகளிலிருந்து வண்டிகளில் கொண்டுவரப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள். பெரும்பாலோர் தலித்துகள். பத்திரிகைகள் தன்னார்வலர்களாகிய எங்களைப் படம் எடுத்தன. நான் பார்த்த எந்த அறிக்கையும் அவர்களை மனிதநேயப் பணியாளர் என்று அழைக்கவில்லை. எனக்குக் கையுறை கிடைத்த அன்று, அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. மீட்புப் பணியில் மனித உடல்களைச் சேகரிப்பவர்களுக்கு அந்த வேலையாலேயே பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வரலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டது. அதில் எழுதியிருப்பது இவர்களைப் பற்றித்தான். உங்கள் குழுவில் மனநல ஏற்பாடு எதுவானாலும், வண்டி ஓட்டுகிறவர், சமைக்கிறவர், குழி வெட்டுகிறவர் எல்லோருக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

## ஏழாம் படி: சாயங்காலக் கூட்டம்

முன்பெல்லாம் பெரிய சம்பவம் ஒன்று நடந்தால், ஓரிரு நாளில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராகச் சொல்லச்சொல்வார்கள். 1980களில் அமெரிக்காவில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவான முறை அது. கொட்டிவிட்டால் மனது லேசாகும் என்பது நம்பிக்கை. ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. ஒரே அமர்வில் கட்டாயமாகக் கொட்டவைப்பது பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கேடும் செய்யலாம் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைச் செய்யவேண்டாம் என்கிறது.

அதற்குப் பதில் ஒரு டீ, இருபது நிமிடம். இன்று எது முடிந்தது, எது முடியவில்லை, நாளை யார் எங்கே என்று பேசுங்கள். வேலைக் கூட்டம்தான். பேச விரும்புகிறவர் பேசட்டும்; பேசாதவரை விட்டுவிடுங்கள். அமைதியாக இருப்பவருக்கும் தன்னுடைய வழி இருக்கும். கடைசியில் ஒருவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி எல்லோரும் சிரித்தால், அது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். முகாம் மக்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

## எட்டாம் படி: அறிகுறிகளைப் படியுங்கள்

தூக்கம் வராது, வந்தால் கனவு. சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடும். ஒரு காட்சி கண்ணுக்குள்ளேயே நிற்கும். சாப்பாடு இறங்காது. சுனாமிக்குப் பிறகு கரையோர மாவட்டங்களில் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் மீன் சாப்பிடவில்லை, நானும்தான். அம்மா ஆசையாக வைத்த வஞ்சிரக் குழம்பின் வாசனை வந்ததும் எழுந்து போய்விட்டேன். இவை முதல் சில வாரங்களுக்குப் பெரும்பாலோருக்கு வரும், பெரும்பாலோருக்குத் தானாகவே வடிந்துவிடும். நோய் என்று பயப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு. ஒரு மாதத்துக்கு மேலும் குறையாமல் இருப்பது. முன்பு குடிக்காதவர் தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்குவது. யாரோடும் பேசாமல் வேலையிலேயே மூழ்கிக் கிடப்பது. இதை அர்ப்பணிப்பு என்று பாராட்டிவிடுவோம் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். ‘இந்த ஜனங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் போதாது’ என்று பேசத் தொடங்குவது. நான் இல்லாவிட்டால் இந்த முகாமே நின்றுவிடும் என்று நம்புவது. இந்தக் கடைசி இரண்டும் தென்பட்டால், அந்த ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

## உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு தனிப் பகுதி

உலகம் முழுவதும் உதவிப் பணியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள். வழிகாட்டிகளில் பாதி, விமானத்தில் வந்து விமானத்தில் திரும்பும் ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உள்ளூர்ப் பணியாளருக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. அவர் வீடும்தான் போனது. அவர் உறவும்தான் செத்தது. பொட்டலம் கொடுக்கிற கையும் அவருடையது, வரிசையில் நிற்கிற அத்தையும் அவருடையவர்.

இலங்கையில் போர் முடிந்த காலத்தில் வன்னிப் பகுதியில் வேலை செய்த 398 உள்ளூர் உதவிப் பணியாளர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்களில் 58 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள், 53 சதவீதம் பேரிடம் பதற்றம், 19 சதவீதம் பேரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் இருந்தன. அவர்களே இடம்பெயர்ந்தவர்கள், அவர்களே உதவி செய்தவர்கள். அதற்கு முன்பே, 2006 ஆகஸ்டில் மூதூரில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த மண்ணில் அடுத்த நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவருக்கு ‘மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்வது போதாது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இத்தகைய இடங்களில் காயம் தனிமனிதருக்கு மட்டும் ஏற்படுவதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று நீண்டகாலமாக எழுதிவருகிறார். அப்படியானால் ஆறுவதும் சேர்ந்துதான். கோயில் திருவிழா திரும்ப நடப்பது, செத்தவர்களுக்கு எட்டு, முப்பத்தொன்று ஒழுங்காகச் செய்வது, ஒப்பாரி வைக்க இடம் கிடைப்பது எல்லாம் சிகிச்சையின் பகுதிகளே.

நீங்கள் உள்ளூர்ப் பணியாளர் என்றால் என் யோசனை ஒன்று: சொந்த வீட்டு வேலைக்கு முதலில் விடுப்புக் கேளுங்கள். இடிந்த சுவரை எடுத்துக் கட்டவும், துட்டி கேட்க வருகிறவர்களோடு உட்காரவும் நாட்கள் வேண்டும். உங்கள் தெருவிலேயே நிவாரணப் பட்டியல் எடுக்கும் வேலையைக் கொடுத்தால் மறுத்துவிட்டு, பக்கத்து ஊரைக் கேளுங்கள்.

## ஒன்பதாம் படி: திரும்பி வந்த பிறகு

வீடு விநோதமாக இருக்கும். தங்கை சுரிதாருக்குத் துப்பட்டா ஒத்துவரவில்லை என்று புலம்புவாள். உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் மேல் தப்பில்லை. முதல் ஒரு வாரம் முக்கியமான முடிவு எதுவும் எடுக்காதீர்கள். வேலையை விடுகிறேன், ஊரை விட்டுப் போகிறேன் என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். தூங்குங்கள், நடங்கள், வழக்கமான நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வீட்டில் எவ்வளவு சொல்வது என்று கேட்பார்கள். பார்த்த காட்சிகளை விவரிக்க வேண்டியதில்லை. ‘கஷ்டமாக இருந்தது, கொஞ்ச நாள் நான் ஒரு மாதிரி இருப்பேன், கோபப்பட்டால் உங்கள் மேல் இல்லை’ என்று சொன்னால் வீடு புரிந்துகொள்ளும். விவரங்களை உங்களோடு அங்கே இருந்தவரிடம் சொல்லுங்கள்.

உடனே அடுத்த களத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். களத்தின் வேகத்துக்குப் பழகிய உடம்பு, அமைதியைத் தாங்க முடியாமல் மறுபடி அங்கேயே ஓடப் பார்க்கும். நான் சுனாமி முடிந்து மூன்று வாரத்தில் மறுபடி போனேன். போனது மக்களுக்காக என்று அப்போது நினைத்தேன். வீட்டில் இருக்க முடியாததால் போனேன் என்று இப்போது தெரிகிறது.

## பத்தாம் படி: உதவி கேட்பது

ஒரு மாதம் கழிந்தும் தூக்கமும் வேலையும் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. எண் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. இலங்கையில் 1926. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த மணி நேரமே ஜோடியை எழுப்புங்கள், போன் செய்யுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

பேரதிர்ச்சிக்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன, நன்றாகவே பலன் தருகின்றன. நான் ஏழு மாதம் போனேன். சிவப்புக் கட்டம் போட்ட சட்டையைப் பற்றி முதல்முறை முழுதாகப் பேசியது அங்கேதான். போன வருடம் என் மகனுக்கு அப்படி ஒரு சட்டை நானே வாங்கினேன்.

## குழுவை நடத்துகிறவர்களுக்கு

ஐக்கிய நாடுகள் சபை அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட பேரிடர்கால மனநல வழிகாட்டு நெறிகளில், பணியாளர்கள், தன்னார்வலர்களின் மனநலத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆம்ஸ்டர்டாமின் அன்டாரஸ் அறக்கட்டளை, உதவிப் பணியாளர்களின் மன அழுத்தத்தைக் கையாள எட்டுக் கோட்பாடுகளை வகுத்திருக்கிறது. கொள்கை வகுப்பதில் தொடங்கி, பணி முடிந்த பிறகும் ஆதரவு தருவது வரை போகும். படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் செய்யுங்கள். நீங்களும் நேரத்துக்குத் தூங்குங்கள். தலைவர் விழித்திருக்கும் வரை குழுவில் யாரும் படுக்க மாட்டார்கள். செய்த வேலைக்கு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள். விடுப்பைக் கேட்டு வாங்கும் சலுகையாக வைக்காமல், பட்டியலில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பிறகு ஒரு நோட்டு போடுங்கள். குழுவில் வந்த ஒவ்வொருவருடைய பெயர், போன் எண், ஊர் திரும்பிய தேதி. அந்தத் தேதியிலிருந்து பத்தாம் நாள், முப்பதாம் நாள், ஆறாம் மாதம் என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் போன் செய்வது என்று ஒரு பெயர். ஓட்டுநர் பெயரையும் சமையல்காரர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். போன் செய்ததும் கட்டத்தில் டிக் போட்டு, என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள்: தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, வேலைக்குப் போகிறாரா. எடுக்கவில்லை என்றால் மறுநாள் மறுபடி கூப்பிடுங்கள்.